எண்ணெய்க் கரையின் பரிபாஷை

கிளமெண்டி சாலை தெற்கே சென்று கடலை நெருங்கும் பாசிர் பாஞ்சாங் கரைக்கு அப்பால், புக்கோம் என்னும் சிறு தீவில், 1891ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய்க் கிடங்கு அமைந்ததற்கு அச்சமே முதற்காரணம். லண்டன் வர்த்தகர் மார்க்கஸ் சாமுவேலுக்காகச் சிங்கப்பூரில் காரியம் பார்த்த சைம் கம்பெனியார், எண்ணெயைப் பெருந்தொட்டிகளில் நிரப்பி வைக்க இடம் கேட்டபோது, அக்கினி அபாயத்துக்கு அஞ்சிய சர்க்கார் அநுமதி மறுத்துவிட்டபடியால், துறைமுக எல்லைக்கு வெளியே கிடந்த அத்தீவை அவர்கள் நாட வேண்டியதாயிற்று. மறு வருஷம், பாட்டூம் துறையில் ரஷ்ய எண்ணெயை ஏற்றிய மியூரெக்ஸ் என்னும் கப்பல், சூயஸ் கால்வாயைக் கடந்த முதல் எண்ணெய்த் தொட்டிக் கப்பல் என்ற கீர்த்தியுடன் கீழ்த்திசை வந்து அங்கே சரக்கை இறக்கிற்று. அதுகாறும் மண்ணெண்ணெய் மரப்பெட்டிக்கு இரண்டு தகர டின்களாக வந்துகொண்டிருந்தது. காலியான டின் தண்ணீர் சுமக்கவும், தானியம் போட்டு வைக்கவும், வெட்டி விரித்தால் கூரை வேயவும் உதவியமையால், ஏழைக் குடும்பங்களுக்கு எண்ணெயைப் போலவே டின்னும் அருமையான பண்டமாயிருந்தது.

கப்பலில் வந்த எண்ணெயைப் போல, இத்தொழிலின் பரிபாஷையும் பல கப்பல்களில் வந்து சேர்ந்தது. மலாய்க்காரரின் மிஞ்ஞாக் தானாவும் நமது மண்ணெண்ணெயும் ஒரே பொருளைச் சுட்டுவன. பீப்பாய் போர்த்துகீசியர் தந்தது. கச்சா ஹிந்துஸ்தானியிலிருந்து வந்தது. நீராவிக் கப்பலின் நிலக்கரி அறைக்குரிய பெயரான பங்கர், கரி போய் எண்ணெய் வந்த பின்னும் நிலைத்துநின்று, கப்பலுக்கு எரிபொருள் நிரப்புவதில் உலகத்திலேயே முதலிடம் வகிக்கும் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இன்றும் நாள்தோறும் வழங்குகிறது.

1961ல் புக்கோமில் ஷெல் ஸ்தாபனத்தின் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ஜூரோங்கிலும் தென்கரைத் தீவுகளிலும் ஆலைகள் பெருகின. ஜூரோங் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே 1970களில் கிளமெண்டி அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த வெல்டர்களும் ஃபிட்டர்களும் சாரம் கட்டுவோரும் அந்த ஆலைகளில் கற்றுக்கொண்ட சொற்களில் ஒன்றை முதலில் நிதானமாகப் பார்ப்போம். குழாயைப் பழுதுபார்க்குமுன் வால்வை மூடினால் போதாது, ஏனெனில் மூடிய வால்வும் கசியக்கூடும். ஆதலால் குழாய்களை இணைக்கும் விளிம்புகளான இரண்டு ஃபிளாஞ்சுகளின் போல்ட்டுகளைத் தளர்த்தி, இடையே துளையற்ற இரும்புத் தகடு ஒன்றைச் செருகி, மீண்டும் முடுக்குகிறார்கள். அதற்குப் பெயர் பிளைண்ட். அக்குழாய் சேரும் தொட்டிக்குள் வேலை செய்பவனின் உயிருக்கு அத்தகடே அரண்.

இத்தகைய சொற்களின் கனத்தை 1978 அக்டோபர் 12ஆம் தேதி இந்தக் கரை அறிந்தது. ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்த ஸ்பைரோஸ் என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் அன்று பிற்பகல் வெடித்ததில் 76 பேர் மாண்டனர். கப்பலின் எஞ்சினுக்குரிய கனத்த எண்ணெயைச் சூடேற்றுகையில், அதன் ஆவி நெருப்புப் பட்டதும் பளிச்சென்று பற்றத் தொடங்குகிற உஷ்ணநிலையை ஃபிளாஷ் பாயிண்ட் என்பர். அது 60 பாகை செல்சியஸுக்குக் குறையலாகாது என்பது கப்பல் விதி. கச்சா எண்ணெயோ சாதாரண வெப்பத்திலேயே பற்றும் ஆவியை வெளியிடுவது. ஸ்பைரோஸின் எரிபொருள் தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்திருந்தபடியால், அங்கே திரண்டிருந்த ஆவியை இரும்பு வெட்டும் தீச்சுடரின் பொறி பற்றவைத்தது. பொறி பறக்கும் வேலைக்கு அநுமதி தரும் ஹாட் ஒர்க் பர்மிட் என்னும் காகிதமும், ஆவி இல்லையென்று கருவி வைத்துச் சோதித்துக் கையெழுத்திடும் கேஸ் ஃப்ரீ என்னும் சான்றும் வெறும் சம்பிரதாயங்கள் என்று எண்ணுகிற எவரும் அந்த 76 பேரை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஆங்கிலச் சொல்லே தொழிலாளியின் நாவில் இருக்கட்டும். மேஸ்திரியும் மேலதிகாரியும் பேசும் சொல்லை மாற்றுவது அவனுக்கு இடையூறே தரும். ஆனால் ஹாட் ஒர்க் என்று சொல்லத் தெரிவதும், பொறி பறக்கும் கருவி ஒவ்வொன்றும் அதில் அடங்கும் என்று அறிவதும் வேறு வேறு. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட இந்நாட்டில், அனுபவமுள்ள தமிழ் மேற்பார்வையாளர்கள் ஒன்றுகூடி, ஒவ்வொரு சொல்லின் பொருளையும் அதை மீறினால் நேரும் விபத்தையும் எளிய தமிழில் படங்களோடு எழுதி, தொழிலாளர் விடுதிகள்தோறும் வழங்க முன்வர வேண்டும்.