பெயரில்லாப் பிணங்கள்

படை எத்தனை, பரி எத்தனை, பட்டத்து யானை வீழ்ந்த இடம் எது என்றெல்லாம் போர் வரலாறு பேசும். படையும் அல்லாமல், பகையும் அறியாமல், பாடுபட்டு உண்ட மக்கள் மாண்ட கணக்கை எந்த ஏட்டில் தேடுவோம்? மாண்ட பின்னுமா மக்களுக்குள் மேல், கீழ்? ஆம் என்கிறது சயாம்–பர்மா இரயில் பாதை.

1942இல் மலாயாவையும் பர்மாவையும் கைப்பற்றிய ஜப்பானியருக்குக் கடல்வழி ஆபத்தாயிற்று. பர்மாவிலிருந்த படைக்குத் தளவாடம் அனுப்ப, மலை பிளந்து, காடு திருத்தி, 415 கிலோமீட்டர் பாதை அமைக்க முனைந்தனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது.

உழைத்தவர் யார்? நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ 1,80,000க்குக் குறையார்! பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர். அவர்களோடு மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிப் பிழைத்த நம் தமிழர். போரால் ரப்பர் வாணிபம் படுத்தது. தோட்டத்தில் கூலி நின்றது. குடிசையில் பசி புகுந்தது. கூலி உண்டு, உணவு உண்டு என்று ஆசை காட்டினர். இணங்காதவரை வலிந்து பிடித்து வண்டியேற்றினர்.

1943 மழைக்காலத்தில் காலரா பரவிற்று. கைதிகளிடையே மருத்துவர் இருந்தனர். நீரைக் காய்ச்சிக் குடிக்கும் கட்டுப்பாடும் இருந்தது. அப்படியிருந்தும் நோயாலும் பட்டினியாலும் அடி உதையாலும் 12,000க்கு மேற்பட்ட கைதிகள் மடிந்தனர். தொழிலாளர் முகாம்களிலோ போதிய மருந்தில்லை, போதிய மருத்துவரில்லை, அவர்களுக்காகப் பேச அதிகாரி ஒருவருமில்லை. மடிந்தவர் ஏறத்தாழ 90,000 என்பர். மதிப்பீடுதான், பெயர் எழுதிய பதிவேடு ஏது?

விதி என்பார் உண்டு. காய்ச்சிய நீர் காத்தது, காய்ச்சாத நீர் கொன்றது. இதில் விதிக்கு என்ன வேலை? கொன்றது ஆதிக்கம்; துணை நின்றது அலட்சியம்.

காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர் அங்கே துயில்கின்றனர். வரிசை வரிசையாகக் கல், கல்லில் பெயர். அந்த மதிப்பை நாம் குறை கூறோம். மனிதர்க்குச் செய்ய வேண்டியது அது. பாதையோரத்துப் பொதுக்குழிகளில் தள்ளப்பட்ட தொழிலாளர்க்குத் தனிக்கல் ஏது, பெயர் ஏது? 1957இல் வெளிவந்த ஆங்கிலப் படம் அந்தப் பாலத்தை உலகறியச் செய்தது. அதிலும் கதைமாந்தர் கைதிகளே; தோட்டத்துத் தமிழன் அல்லன்.

தோழர்களே! வெற்றி விழாக்களைக் கண்டு மயங்காதீர். வென்றவன் யார் என்று கேட்குமுன், அவன் பாதையில் புதையுண்டவர் யார் என்று கேட்போம். அங்கே சென்றவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் சொல்வதைக் கேட்டு, ஊரோடும் பெயரோடும் எழுதி வைப்போம். மன்னர் வரலாறு மறந்ததை மக்கள் வரலாறு எழுதட்டும்!