நினைவிலிருந்து ஏட்டுக்கு: மென்பொருட் புதுப்பித்தலின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் புதிய படைப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆயின், அதனை உருவாக்குவோரின் உழைப்பிற் கணிசமான பகுதி, ஏற்கெனவே உள்ளதைத் திருத்தி மீண்டும் நிறுவுவதிலேயே கழிகிறது. இவ்வுழைப்பு எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யூனிக்ஸ் செய்நிரல்கள் பல கோப்புகளாகப் பிரித்து எழுதப்பட்டன. மூலநிரலைக் கணனி இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றுதல் தொகுத்தல் எனப்படும். ஒரு கோப்பைத் திருத்தியபின் எவற்றை மீண்டும் தொகுக்க வேண்டும் என்பதை எழுதியவரே நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அனைத்தையும் தொகுத்தால் நேரம் வீணாகும். ஒன்றை மறந்தால் பழையதும் புதியதும் கலந்துவிடும்.

1976 இல் ஸ்ருவாட் பெல்ட்மன் ஆக்கிய 'மேக்' என்னும் கருவி இந்நெருக்கடியின் விளைவாகும். அவர் பின்னாளிற் கூறியதற்கிணங்க, அவருடைய சகாவான ஸ்ரீவ் ஜோன்சன், ஏற்கெனவே திருத்தப்பட்ட ஒரு பிழையைத் தேடி முற்பகல் முழுவதையும் இழந்தார். திருத்தம் சரியாகவே இருந்தது. கோப்பு மீண்டும் தொகுக்கப்படவில்லை. முதல்நாள் மாலை பெல்ட்மன்னும் அதே இடரிற் சிக்கியிருந்தார்.

மேக்கின் அடிப்படை எளிமையானது. எது எதனைச் சார்ந்தது என்பது ஒரு கோப்பில் எழுதப்படும். கருவி, கோப்புகள் இறுதியாக மாற்றப்பட்ட நேரங்களை ஒப்பிட்டு, மூலத்திலும் பழையனவற்றை மட்டும் மீண்டும் ஆக்கும். தனியொருவரின் நினைவில் இருந்த அறிவு இவ்வாறு குழுவின் பொதுவுடைமையாயிற்று.

ஒரு செய்நிரலுக்குள் எழுந்த இப்பிரச்சினை, பின்னர் பல செய்நிரல்களுக்கிடையேயும் எழுந்தது. 1993 இல் இயன் மேர்டொக் தொடக்கிய டெபியன் திட்டத்தில், ஒவ்வொரு மென்பொருட் பொதியும் தான் சார்ந்துள்ள பிற பொதிகளைப் பெயர் சுட்டி அறிவித்தது. 1999 இல் வெளியான டெபியன் 2.1 உடன் வந்த 'அப்ற்' கருவி, அவ்வறிவிப்புகளைக் கொண்டு வேண்டிய பொதிகளைத் தானே பெற்று நிறுவியது. தமது தேவைக்கேற்பப் பொதிகளை மாற்றியமைப்போரும் திருத்தம், பதிப்பெண், தொகுப்பு, நிறுவல் என்னும் படிகளை ஒரே ஒழுங்கில் நிகழ்த்த இம்முறை வழிசெய்தது.

எனினும் அறிவிக்கப்படாத சார்பைக் கருவி அறியாது. ஒருவரின் கணனியில் முன்னரே இருந்த ஒரு பொதியின் துணையால் அங்கு வெற்றிபெறும் தொகுப்பு, பிறர் கணனியில் தோல்வியுறும். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டொல்ஸ்ரா 2006 இற் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வேடு இக்குறையை எதிர்கொண்டது. அதில் விளக்கப்பட்ட 'நிக்ஸ்' முறையில், ஒரு பொதியின் உள்ளீடுகள் அனைத்திலிருந்தும் கணிக்கப்படும் அடையாளம் அதன் இருப்பிடப் பெயரிலேயே இடம்பெறும். உள்ளீடு ஒன்று மாறின் அது வேறொரு பொதியாகும். பழையது அருகே நிலைத்திருப்பதால், தவறிய புதுப்பித்தலிலிருந்து மீளவும் முடியும்.

இம்மூன்று கட்டங்களையும் ஒருங்கே நோக்குமிடத்து ஒரு பொதுப்போக்குப் புலனாகிறது. எழுதப்படாத அறிவு அதனை உடையவரோடு நீங்கிவிடும். எழுதப்பட்ட சார்பு புதிதாக வருபவரையும் சமமான உழைப்பாளராக்கும். ஆதலின் புதுப்பித்தலை இலகுவாக்க விழையும் எக்குழுவும், தனது தொகுப்பு இன்னும் யாருடைய நினைவை நம்பி நிகழ்கிறது என்பதை முதலில் வினவுதல் வேண்டும்.