மாலைநேர இளையோர் வழிகாட்டல்

பள்ளி விட்டதற்கும் பெற்றோர் வேலை முடிந்து வீடு திரும்புவதற்கும் நடுவே உள்ள நேரத்தில், பெற்றோரோ ஆசிரியரோ அல்லாத ஒரு பெரியவரின் துணையைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்தித் தரும் முயற்சிகளுக்கு மாலைநேர இளையோர் வழிகாட்டல் என்று பெயர். தொழில்நகரங்கள் பெருத்த காலத்து அமெரிக்காவில் இது வேர்விட்டது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1860-இல் சில பெண்கள் தெருவில் திரிந்த சிறுவர்களுக்காக ஒரு மன்றம் திறந்தார்கள். ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-இல் சிகாகோவில் தொடங்கிய ஹல் ஹவுஸ், குடியேறிகளின் பிள்ளைகளுக்குக் கைத்தொழிலும் இசையும் விளையாட்டும் கற்றுத்தந்தது. நியூயார்க் சிறார் நீதிமன்ற எழுத்தர் எர்னஸ்ட் கூல்டர் 1904-இல் வேறொரு வழியைக் கண்டார். நீதிமன்றத்துக்கு வரும் ஒவ்வொரு சிறுவனுக்கும் பெரியவர் ஒருவர் அண்ணன்போல் பொறுப்பேற்கட்டும் என்றார். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பு. ஆக, பலரைக் கூட்டி வைக்கும் மையம், ஒருவருக்கு ஒருவர் என்ற துணை என்று தொடக்கத்திலேயே இரண்டு பாதைகள் இருந்தன. இன்று கொள்கை வகுப்போர் இரண்டையும் ஒரே தலைப்பில் சேர்த்து, எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். கிடைத்துள்ள சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் இந்தக் கணக்கு பயனற்றது என்று தெரியும். ஒரே பெரியவர் எவ்வளவு காலம் விடாமல் வந்தார் என்பதில்தான் பலன் இருக்கிறது. பாதியில் அறுந்த துணை சில பிள்ளைகளுக்குத் தீங்கும் செய்திருக்கிறது.

இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 1995-இல் வெளியானது. பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பின் எட்டுக் கிளைகளில் விண்ணப்பித்த, 10 முதல் 16 வயது வரையிலான 959 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே துணை தேடித் தரப்பட்டது. மறுபாதி 18 மாதம் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. துணை கிடைத்தவர்கள் மாதத்துக்கு மூன்று முறைபோல, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு மணிநேரம் தம் வழிகாட்டியைச் சந்தித்தார்கள். சேர்ந்து பந்து விளையாடினார்கள், சாப்பிடப் போனார்கள், சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள். பாடம் சொல்லிக் கொடுப்பது நோக்கமாகவே இல்லை. காலக்கெடு முடிந்தபோது, புதிதாகப் போதைப்பொருள் தொடும் வாய்ப்பு துணை பெற்ற பக்கத்தில் 46 விழுக்காடும் மது தொடும் வாய்ப்பு 27 விழுக்காடும் குறைவாக இருந்தன. பள்ளிக்கு மட்டம் போட்ட நாள்கள் ஏறக்குறைய பாதியாயின. மதிப்பெண்ணில் மட்டும் ஏற்றம் சொற்பமே. துணை ஒதுக்கப்பட்ட பாதியில் ஐந்தில் ஒருவருக்குக் கடைசிவரை வழிகாட்டியே அமையவில்லை. அவர்களையும் சேர்த்து எடுத்த கணக்கு இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த எண்களைக் காட்டி நிதி திரட்டிய பலர், அதே தரவுகளை ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் மறுபடி அலசி 2002-இல் எழுதியதைப் படித்ததாகத் தெரியவில்லை. ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த இணைகளில்தான் நன்மைகள் திரண்டிருந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்த இணைகளிலோ, பிள்ளையின் தன்மதிப்பும் படிப்பில் தனக்குள்ள திறமை பற்றிய நம்பிக்கையும் துணையே கிடைக்காதவர்களைவிடக் கீழே போயின. இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும்: சிக்கல் மிகுந்த பிள்ளைகளின் இணைகள் சீக்கிரம் முறிந்திருக்கலாம், அப்படியானால் குற்றம் முறிவில் இல்லையே? ஆய்வாளர்களும் இதை எதிர்பார்த்தே, அந்த வேறுபாட்டைக் கழித்துப் பார்க்கும் புள்ளியியல் முறைகளைக் கையாண்டார்கள். அதன் பிறகும் நீடித்த இணைகளின் மேன்மை மறையவில்லை. அதோடு அந்த மறுப்பு வேறொரு உண்மையையும் தன்னையறியாமல் ஒப்புக்கொள்கிறது. பதின்மூன்று வயதைத் தாண்டியவர்கள், கொடுமைக்கு ஆளானவர்கள் ஆகியோரின் இணைகளே விரைவில் அறுந்தன. யாருக்குத் துணை அதிகம் வேண்டுமோ அவர்களே முதலில் அதை இழந்தார்கள். ஏன் அறுகிறது என்பதற்கும் ஓரளவு விடை உண்டு. 1990-களின் நடுவில் 82 இணைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், பிள்ளையைத் திருத்தியே தீருவது என்று வந்த வழிகாட்டிகளின் உறவுகள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் கலைந்துபோயின. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு அதன் போக்கில் போனவர்களின் உறவுகளில் மிகச் சிலவே கலைந்தன. அறிவுரை சொல்லும் ஆசை நம் ஊரிலும் குறைவில்லை என்பதால் இதைக் குறித்துவைக்கலாம்.

நீடிப்பே போதும் என்று இதற்குப் பொருளா? மாசசூசெட்ஸில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் வகுத்துத் தந்த கேம்பிரிட்ஜ்-சாமர்வில் திட்டம் அதற்கு வலுவான எதிர்ச்சான்று. 1939-இல் 506 சிறுவர்களை ஒத்த இணைகளாகப் பிரித்து, நாணயம் சுண்டி, ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு ஆலோசகர், பாட உதவி, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் தந்தார்கள். சராசரியாக ஐந்தரை ஆண்டு நடந்த வேலை. முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்பிடித்து 1978-இல் முடிவை வெளியிட்டார். மறுமுறை குற்றம் செய்தல், குடிநோய், மனநோய், அகால மரணம் போன்றவற்றில் உதவி பெற்றவர்களின் நிலையே மோசமாக இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் திட்டம் தங்களுக்கு நன்மை செய்ததாகச் சொன்னார்கள் என்பதும் அதே ஆய்வில் உள்ளது! பயனாளியின் நன்றியைப் பயனுக்குச் சான்றாகக் காட்டும் ஆண்டறிக்கைகளுக்கு இதைவிடக் கடுமையான மறுமொழி இல்லை. ஆனால் திட்டம் நீடித்தது என்பதால் உறவும் நீடித்தது என்றாகாது. உலகப் போர் ஆலோசகர்களை இழுத்துக்கொண்டது. பல சிறுவர்களுக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்தார். பின்னாளில் டிஷியன், மெக்கார்ட், பூலன் மூவரும் அலசியபோது, தீங்கின் பெரும்பங்கு கோடை முகாம்களுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடம் காணப்பட்டது. முரட்டுப் பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர்களின் விளக்கம்.

கூட்டமாக நடத்தும் மையங்களின் கதையும் பலன் தொடர்ந்த சந்திப்பில்தான் என்றே சொல்கிறது. அமெரிக்க மைய அரசு 21-ஆம் நூற்றாண்டு சமுதாயக் கற்றல் மையங்கள் என்ற பெயரில் ஆண்டுக்கு நூறு கோடி டாலர்வரை ஒதுக்கியது. 2003-இல் வெளியான மதிப்பீட்டில் கல்விப் பலன் ஏறக்குறைய எதுவும் தென்படவில்லை. புஷ் அரசு நிதியை நாற்பது விழுக்காடு வெட்டப் பார்த்தது, நாடாளுமன்றம் இணங்கவில்லை. இரு தரப்பும் அதிகம் பேசாத ஒரு விவரம் அந்த அறிக்கையில் இருந்தது: நடுநிலை வகுப்பு மாணவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக முப்பது நாள் சொச்சமே மையத்துக்கு வந்திருந்தார்கள். பள்ளி வளாகத்திலேயே நடந்த வழிகாட்டலை 1,139 பிள்ளைகளிடம் சோதித்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில் முதலாண்டு இறுதியில் முன்னேற்றம் தெரிந்தது, அடுத்த ஆண்டு பெரும்பாலும் கரைந்துபோனது. அங்கே இணைகளின் சராசரி ஆயுள் ஐந்து மாதம்தான். டர்லக், வைஸ்பர்க் குழுவினர் 2010-இல் பல மையங்களின் ஆய்வுகளைத் தொகுத்தபோதும், திறன்களைப் படிப்படியாக, செய்யவைத்து, போதிய நேரம் ஒதுக்கி, இன்னதுதான் என்று தெளிவாக வைத்துக் கற்பித்த மையங்களே பலன் தந்தன.

இவ்வளவு கவனம் ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகுமா என்பது கடைசி மறுப்பு. தமிழ்நாட்டின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் பகுதி விடை தருகிறது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய அத்திட்டத்தில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதே தெருவில், அதே ஊரில் வசிக்கும் பெண்கள். ஊரகக் குழந்தைகள் சுமார் 19,000 பேரைப் பின்தொடர்ந்த சிங், ரொமேரோ, முரளிதரன் ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் பெருந்தொற்றால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதென்றும், அந்த மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் என்றும் கணித்தது. அளக்கப்பட்டது தமிழும் கணக்கும்தான். குணமாற்றத்துக்கு இதைச் சான்றாக்க முடியாது. என்றாலும், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அக்கா ஒருவரைத் தக்கவைப்பது மலிவானது என்று இது காட்டுகிறது. ஆகவே இத்திட்டங்களுக்குப் பணம் தருவோர், அரசானாலும் அறக்கட்டளையானாலும், சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஓராண்டு கழித்தும் சந்தித்துக்கொண்டிருக்கும் இணைகளின் எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். ஆறு மாதம்தான் வர முடியும் என்கிற தன்னார்வலருக்கு நன்றி சொல்லி, பிள்ளையிடம் அனுப்பாமல் வேறு வேலை கொடுப்பதே சரி.