மருந்தும் ரவையும்

டெக்ஸாஸில் இருக்கும் என் அத்தை மகன் போன வருஷம் ஊருக்கு வந்திருந்தபோது, தன் வீட்டுக் கார் ஷெட்டில் ரைபிள் தோட்டா தயாரிப்பதைச் செல்போனில் காட்டினார். மேஜை விளிம்பில் முடுக்கிய ஒரு இரும்பு யந்திரம். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகள் ஒவ்வொன்றாக அதில் ஏறுகின்றன. கைப்பிடியை ஒருதரம் இழுத்துவிட்டால் அடித்தட்டு ஒரு இடம் சுழல்கிறது. ஒரு கூட்டில் பழைய கேப் வெளியே தள்ளப்படுகிறது, உப்பிய உடம்பு சீராகிறது. அடுத்ததில் புதுக் கேப், அதற்கடுத்ததில் அளந்த மருந்து, அப்புறம் குண்டு. இழுப்புக்கு ஒரு முழுத் தோட்டா தட்டில் வந்து விழுகிறது. மான் வேட்டைக்கு என்றார். "நம்மூர்ல இதெல்லாம் எவனுக்குத் தெரியும்?" என்று அவர் சொன்னது கேள்வி அல்ல. எனக்கு அது கேள்வியாகத் தங்கிவிட்டது.

வண்ணார்பேட்டையிலிருந்து பாளையங்கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரையும் மற்றவர்களும் தப்பியது அங்கிருந்த சிறையிலிருந்துதான். 1799ல் பானர்மன் வென்று இடித்துப்போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களுக்குள் மண்ணால் திரும்ப எழுப்பினார்கள். மார்ச் 31ல் மெக்காலேயின் தாக்குதல் பெரும் சேதத்துடன் திரும்பியது. கோட்டை விழுந்தது மே 24ல், அக்னியூ வந்த பிறகு. இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். நான் கேட்பது ஸ்தூலமான விஷயம்: இந்த நாலு மாதத்துக்கு மருந்தை இடித்தது யார்? ஈயத்தை உருக்கியது யார்?

பாளையக்காரர் பக்கத்தில் திரி வைத்துச் சுடும் துப்பாக்கிதான் அதிகம். அதற்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். வெடியுப்பு, கந்தகம், கரி என்ற மூன்றும் சேர்ந்ததே மருந்து. கரிக்குப் பஞ்சமில்லை. மண்ணைக் கரைத்து உப்பும் வெடியுப்பும் காய்ச்சுவது தமிழ்நாட்டில் உப்பிலியர் தொழில். கந்தகமும் ஈயமும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். ஆக ஒரு வெடிச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு ஜாதியின் தொழிலறிவும் ஒரு வியாபார வழியும் இருக்கின்றன. நமது கதைப்பாடல்களில் இவர்களுக்கு இடமில்லை. வாளுக்கும் ஈட்டிக்கும் இடமுண்டு. கோட்டைச் சுவரின் இடைவெளியில் கம்பெனிப் படையைத் தடுத்து நிறுத்தியதில் நீண்ட ஈட்டிகளுக்குப் பெரும் பங்குண்டு என்பது உண்மையே. அங்கே போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் அதை மரியாதையோடு பதிவு செய்திருக்கிறார். ஆனால் ஈட்டி கையில் எடுக்கப்பட்டது வீரத்தால் மட்டும்தானா, மருந்து தட்டியதாலுமா என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

எதிரே நின்ற கம்பெனிச் சிப்பாயின் பையில் காகிதத் தோட்டா இருந்தது. முன்கூட்டியே அளந்த மருந்தும் ஒரு குண்டும் சேர்த்துக் காகிதத்தில் சுருட்டியது. பல்லால் கிழித்து, கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் இட்டு, மிச்சத்தைக் குழலில் கொட்டி இடிக்க வேண்டியதுதான். எந்தச் சிப்பாய் கெட்டித்தாலும் அளவு ஒன்றே. கம்பெனி ஜெயித்ததில் இந்த அளவுக்கு இருந்த பங்கு தளபதிகளின் சாமர்த்தியத்துக்கு இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம். இதே காகிதம் கொழுப்பு தடவப்பட்டு 1857ல் வேறொரு கதை ஆயிற்று.

1801 டிசம்பர் 1ஆம் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் வெளியிட்டார். தென்சீமையில் பாளையக்காரரும் சேர்வைக்காரரும் ஜனங்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. மீறினால் மரண தண்டனை. கோட்டைகளை இடித்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். கோட்டையை ஆறு நாளில் கட்டிவிடலாம் என்பதை ஊமைத்துரை காட்டிவிட்டார். கை மறந்த தொழிலை அப்படிக் கட்ட முடியாது. மருந்து இடிக்கும் பழக்கம் கோயில் வாணக்காரர்களிடம் ஒதுங்கியது. 1920களில் சிவகாசியிலிருந்து தீப்பெட்டித் தொழிலைக் கற்க இருவர் கல்கத்தாவுக்குப் போக வேண்டியிருந்தது.

பிரகடனத்துக்கு 110 வருஷம் கழித்து, 1911 ஜூன் 17ல், மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். அடுத்த குண்டால் தன்னையே சுட்டுக்கொண்டார். அந்தத் தோட்டாவில் நம் கை பட்டது எதுவும் இல்லை. பித்தளைக் கூடு, புகையில்லா மருந்து எல்லாமே கடல் கடந்து வந்தவை. வ.உ.சி.யின் சுதேசிக் கம்பெனிக்கும் காலியா என்ற கப்பல் பிரான்சிலிருந்துதான் வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சுதேசியம் எவ்வளவு வெறுங்கையோடு ஆரம்பித்தது என்பது நமது தேசபக்த நாடகங்களில் தெரிவதே இல்லை.

இத்தனைக்கும் அப்போது தமிழ்நாட்டிலேயே மருந்து தயாராகிக்கொண்டிருந்தது. நீலகிரியில், அருவங்காட்டில், சர்க்கார் 1903ல் கார்டைட் தொழிற்சாலையை நிறுவியிருந்தது. கயிறு மாதிரி நீளமாக இழுத்தெடுக்கப்படுவதால் அந்த மருந்துக்கு அப்படிப் பெயர். மலையில் கூலிக்குக் காய்ச்சினார்கள். சமவெளியில் வைத்திருந்தால் லிட்டன் கொண்டுவந்த 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். குடகர்களுக்கு விலக்குண்டு, நமக்கில்லை.

சுதந்திர இந்தியா 1959ல் தன் ஆயுதச் சட்டத்தை இயற்றியது. இன்றும் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அது இருக்கட்டும், வீட்டுக்கு வீடு யந்திரம் வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் வந்ததும் அதே 1959ல்தான். ஆயுதம் சட்டத்துக்குப் போயிற்று, நமக்கு வசனம் கிடைத்தது. நம் எழுத்தில் போர் இன்றுவரை வாய்ப்பேச்சாகவே நடப்பதற்கும் இதற்கும் சம்பந்தமுண்டு என்று நினைக்கிறேன். ஆனால் பாஷை ஞாபகம் வைத்திருக்கிறது. உடம்புக்குக் கொடுப்பதும் மருந்து, குழலில் போடுவதும் மருந்து. உப்புமாவுக்கும் ரவை, கொக்குக்கும் ரவை. அடுப்படியும் படைக்கொட்டிலும் ஒரே முற்றத்தில் இருந்த காலத்துச் சொற்கள்.

அத்தான் ஊருக்குக் கிளம்புமுன் இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டார். "அருவங்காடா? ஊட்டி போகையில ரயிலு அங்க நிக்கும்லா" என்றார்.