எழுத்தெண்ணிக்கையும் கணினி மொழிகளும்: ‘சித்தூர்’ என்னும் சொல்லை முன்வைத்து

ஒரு சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன என எண்ணுவது கணினிக்கு மிக எளிய பணி எனக் கருதப்படுவதுண்டு. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியின் ஊர்ப்பெயர்களைக் கொண்டு நோக்கின் இக்கருத்து மறுஆய்வுக்குரியதாகிறது. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் ஊர்ப்பெயர்கள் இருமொழியிலும் எழுதப்பட்டே வருகின்றன.

‘சித்தூர்’ என்பதில் சி, த், தூ, ர் என நான்கு எழுத்துகள் உள. புள்ளி பெற்ற மெய்யைத் தனியெழுத்தாகக் கொள்வது தொல்காப்பியம் முதலான மரபு. தெலுங்கில் ‘சித்தூரு’ என வழங்கும் இப்பெயர் சி, த்தூ, ரு என மூன்றெழுத்தே. இரட்டித்த தகரம் அங்கு ஒரே கூட்டெழுத்து.

இவ்வேறுபாடு குறியேற்றத்தில் இடம்பெறவில்லை. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட ‘இஸ்கி’ தரம் இந்திய எழுத்துகளுக்கு ஒரே சட்டகத்தை வகுத்தது. அதன் 1988ஆம் ஆண்டு வடிவத்தை யூனிகோடு பின்பற்றியது. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியெண் பெற்றன. ஆகவே இருமொழி வடிவங்களும் எட்டுக் குறியெண்களாகவே பதிவாகின்றன.

இனிக் கணினி மொழிகளின் விடைகளைக் காணலாம். 1970களில் தோன்றிய ‘சி’ மொழி பைட்டுகளை எண்ணும். யுடிஎஃப்-8 முறையில் அதன் விடை 24. 1995இல் வெளிவந்த ‘ஜாவா’ பதினாறு பிட் அலகுகளை எண்ணி 8 என்னும். 2008இல் வந்த ‘பைத்தான் 3’ குறியெண்களை எண்ணி அதே விடையைத் தரும். 2014இல் அறிமுகமான ‘சுவிஃப்ட்’ யூனிகோடு வரையறுத்த எழுத்துத் தொகுதிகளை எண்ணுவதால் தமிழ் வடிவத்திற்கு 4 எனச் சரியாகக் கூறும். ஆனால் பழைய விதிப்படி தெலுங்கு வடிவத்திற்கும் 4 என்பதே விடை. 2023இல் வெளியான யூனிகோடு 15.1 தெலுங்கு உள்ளிட்ட ஆறு எழுத்துமுறைகளில் கூட்டெழுத்தைப் பிரிக்கலாகாது என விதித்தது. அவ்விதியைத் தழுவிய பதிப்புகளில் தெலுங்கிற்கு 3 கிடைக்கும். தமிழ் அவ்விதியில் சேர்க்கப்படாமை நம் மரபுக்குப் பொருந்துவதே.

இது வெறும் எண்ணிக்கைச் சிக்கலன்று. சொல்லைத் தலைகீழாக்கும்போது எழுத்துவாரியாக ‘ர்தூத்சி’ என வரவேண்டும். குறியெண்வாரியாக மாற்றினால் முதலிற் பற்றுக்கோடற்ற புள்ளியொன்று நிற்க, ‘ரூத்திச’ என்பது தொடரும்; உயிர்க்குறிகள் வேறு மெய்களின்மேல் ஏறிவிடுகின்றன. பட்டியலில் ஏழு குறியெண்களுக்கே இடம் எனின் ‘சித்தூர’ என எஞ்சும். இருபது பைட்டுகளுக்கே இடம் எனின் ‘சித்தூ’ என்பதை அடுத்து ரகரம் பாதியில் சிதையும்.

திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. கல்வெட்டுகளிற் புள்ளி பெரும்பாலும் இடப்படாது. படிப்போர் மொழியறிவால் அதனை நிரப்பிக்கொள்வர். கணினி அவ்வாறு நிரப்பிக்கொள்ளாது.

உயிர்மெய்க்குத் தனிக் குறியெண் தரும் ‘டேஸ் 16’ முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றதும் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு முயற்சியே. எனினும் அது தமிழளவில் நிற்பது. ‘எழுத்து’ என்னும் அலகு மொழிதோறும் வேறுபடுகிறது. அதனை வரையறுக்க வேண்டியது இலக்கணமேயன்றிக் கணினி மொழியன்று. எனவே இருமொழிச் சொற்பட்டியல் தொகுப்போரும் மொழிபெயர்ப்போரும் நீளத்தைக் குறிக்கும்போது எண்ணப்பட்ட அலகு எது என்பதையும் உடன் குறித்தல் இன்றியமையாதது.