லயத்திலிருந்து மனைக்கு: சித்தியவான் வட்டாரத்தில் சொந்த வீட்டின் வரலாறு

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கப்பலில் தொடங்குவர், கங்காணியைப் பேசுவர், கூலியைக் கணக்கிடுவர், கோயிலையும் பள்ளியையும் நினைவுகூர்வர். அத்தொழிலாளி இரவில் எங்கே படுத்தான், அக்கூரை யாருக்குச் சொந்தமாய் இருந்தது என்ற வினா போகிற போக்கில் தொடப்படுவதோடு சரி. தோட்டப்புறத் தமிழரின் நூறாண்டு வாழ்வை விளங்கிக்கொள்ள இவ்வினாவே நேர்வழி என்பது என் எண்ணம். இதை ஆராய்வதற்குச் சித்தியவான் மிகப் பொருத்தமான இடம். ஏழையராய் வந்திறங்கிய இரண்டு மக்கட் கூட்டத்தார் இங்கே சில மைல் இடைவெளியில், ஒரே மண்ணில், ஒரே பயிரை நம்பி வாழ்ந்தனர். அவர்களுள் ஒரு கூட்டத்தாருக்குத் தொடக்கத்திலேயே நிலம் கிடைத்தது.

1903ஆம் ஆண்டில் சீனத்தின் பூச்சோவ் பகுதியைச் சேர்ந்த கிறித்துவக் குடும்பங்கள் சித்தியவானில் குடியேறின. மெதடிஸ்ட் திருச்சபையும் பேராக் அரசும் சேர்ந்து வகுத்த குடியேற்றத் திட்டம் அது. பன்மொழிப் புலவராகிய லூரிங் பாதிரியார் அதில் முன்னின்றார். குடியேறியோருக்கு நிலம் பிரித்தளிக்கப்பட்டது. நெல் விளைவிப்பதே முதல் நோக்கம். மண் அதற்கு இசையாததால் அவர்கள் இரப்பருக்கு மாறினர். இன்றைய கம்போங் கோ அக்குடியேற்றத்தின் நடுவிடம். வந்த முதல் ஆண்டுகளில் அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. கட்டிய குடில்களும் எளியவையே. எனினும் அக்குடில் நின்ற நிலம் அவர்களுடையது. இரப்பர் விலை ஏறியபோது குடில் பலகை வீடாயிற்று. பலகை வீடு பின்னர்க் கல்வீடாயிற்று.

அதே ஆண்டுகளில் ஆயர் தாவார், சித்தியவான் பகுதித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளருக்குக் கிடைத்தது லயம். நீண்ட ஒரே கூரையின்கீழ் வரிசையாய் அறைகள். ஓர் அறை ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. பழைய லயங்களில் இரு வரிசை அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன, காற்றுக்கு வழியில்லை. அத்தாப்புக் கூரை போய்த் துத்தநாகத் தகடு வந்தது. தண்ணீர்ப்பீலி பொதுவில் இருந்தது. மலேரியாவின் கொடுமையும் தொழிலாளர் துறையின் வற்புறுத்தலும் சேர்ந்தே பிற்காலத்தில் தனித்த சமையற்கட்டையும் நல்ல வடிகாலையும் கொண்டுவந்தன. இந்தச் சீர்திருத்தங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவை உயிர்களைக் காத்தன. ஆயினும் எத்தனை திருத்தம் வந்தபோதும் ஒன்று மட்டும் மாறவில்லை. பெரட்டில் பெயர் இருக்கும்வரை அறை உண்டு. பெயர் நீங்கினால் அறையும் நீங்கும். நோயாலோ முதுமையாலோ துரையின் சினத்தாலோ வேலை போனால், அந்த மாதமே கூரையும் போயிற்று. வீடு என்னும் சொல் 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர். விடுதலை என்ற பொருளையும் தாங்கி நிற்கும் அச்சொல்லை, மனிதனை வேலையோடு கட்டிவைத்த அந்த அறைக்கு வழங்க நேர்ந்தது விந்தைதான்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். தமிழர் பொருளீட்டி ஊர் திரும்ப வந்தவர்கள். நிலத்தில் வேரூன்ற அவர்களுக்கே விருப்பமில்லை என்று பழைய நிர்வாகிகள் பலர் எண்ணினர். நம்மவரும் சிலர் அதை நம்புகின்றனர். இதே பேராக்கின் வடபகுதியில் உள்ள பாகான் செராய் இதற்கு விடை தருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஃபே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே தமிழ்க் கத்தோலிக்கருக்கென ஓர் உழவர் குடியிருப்பை அமைத்தார். நிலம் கிடைத்த தமிழர் அங்கே வீடு கட்டினர், கோயில் எழுப்பினர், தலைமுறை தலைமுறையாய்த் தங்கினர். ஆகவே சித்தியவானில் கண்ட வேறுபாட்டை இனத்தின் இயல்பில் தேடுவது வீண். நிலம் யாருக்கு எந்த நோக்கத்தில் வழங்கப்பட்டது என்பதே அதற்குக் காரணம். ஒருவரை அரசு குடியானவராய் அழைத்தது. மற்றவரைத் தோட்டம் தொழிலாளியாய் அழைத்தது.

சட்டம் நிலத்தை முற்றிலும் மறந்துவிடவும் இல்லை. 1920களின் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்றது. காய்கறி பயிரிடவும் மாடு மேய்க்கவும் அந்த ஏற்பாடு. மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் பதினாறில் ஒரு பங்கு ஏறத்தாழ 2,722 சதுர அடி. இன்று ஒரு நல்ல வீட்டு மனைக்குப் போதுமான அளவு! கீரை விதைக்கத் தந்த அந்நிலத்தில் ஒரு தூண் நடும் உரிமையைத் தந்திருந்தால் வரலாறு வேறாய் இருந்திருக்கும்.

லயத்து வாழ்வின் உறுதியின்மை முழுதாய் வெளிப்பட்டது 1950களில். ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தனர். சிறு துண்டை வாங்கியவருக்கு நூறு தொழிலாளர் தேவையில்லை, லயமும் தேவையில்லை. வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் சாலையோரங்களிலும் பட்டணத்துப் புறம்போக்குகளிலும் ஒதுங்கின. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ் விரிவாய் ஆய்ந்து நூலாக்கியுள்ளார். மேல்வகுப்பு மாணவர் தேடிப் படிக்கத்தக்கது.

இதற்கு எழுந்த எதிர்வினையின் தலைமகனும் பேராக் மண்ணுக்குரியவரே. சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாய்ச் செலுத்திப் பங்குதாரராயினர். சேர்ந்த பணத்தில் சங்கம் தோட்டங்களைத் துண்டாடப்படாமல் வாங்கியது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பால்மரம் சீவும் கைகளே தோட்டத்தை வாங்கும் என்று அதற்கு முன் யாரும் கனவிலும் கருதியதில்லை. ஆயினும் பங்குச் சீட்டும் மனைப் பட்டாவும் ஒன்றல்ல. சங்கம் வேலையைக் காத்தது, அதன் வழியாய்க் கூரையைக் காத்தது. கூரையை வேலையிலிருந்து பிரிக்கும் பணி மிச்சம் இருந்தது.

1970களில் தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு என்னும் திட்டத்தை அரசு முன்வைத்தது. அது ஆமை வேகத்தில் நகர்ந்தது. அதற்குக் காத்திராமல் மனை தேடிப் புறப்பட்ட குடும்பங்களின் கதை அந்தத் திட்டத்தின் கதையைவிடச் சுவையானது. கூட்டுப்பணம் கட்டியும், தாலியை அடகு வைத்தும், பின்னாளில் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தும் அவர்கள் முதலில் நிலத்தைத்தான் வாங்கினர். வீடு பிறகு வளர்ந்தது: ஓராண்டு கடைக்கால், இன்னோராண்டு சுவர், மூத்தவன் சம்பாதிக்கத் தொடங்கியபின் கூரை.

நிலம் வாங்கியோர் புதியதொரு மொழியைக் கற்க நேர்ந்தது. அது சட்டத்தின் மொழி. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என வகைப்படுத்துகிறது. விவசாய நிலத்தில் உரிமையாளர் தாம் குடியிருக்க வீடு கட்டலாம். மனைகளாய்ப் பிரித்துக் கட்ட வேண்டுமாயின் நிலத்தின் வகையை மாற்றியாக வேண்டும். பட்டா வேறு, தற்காலிகக் குடியிருப்பு உரிமம் வேறு. இரண்டாவது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அரசு விரும்பினால் புதுப்பிக்காது விடலாம். லயத்தில் வாழ்ந்து பழகியவர் பலருக்குக் கையில் ஓர் அரசாங்கத் தாள் இருப்பதே பெரிதாய்த் தோன்றியது. அதை நம்பிக் கல்வீடு கட்டியோர் பின்னர் இடம்பெயர நேர்ந்ததும் உண்டு. பட்டா இருந்தாலும் வேலை முடிவதில்லை. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி வரைபடத்தை ஊராட்சி மன்றம் ஏற்க வேண்டும். கட்டி முடித்தபின் குடிபுகுவதற்குரிய தகுதிச் சான்றிதழ் வேண்டும். 2007 முதல் அச்சான்றிதழை மன்றத்துக்குப் பதிலாகக் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வழங்குகின்றனர்.

வரைபடம் என்பதே அம்மக்களுக்குப் புதிய அனுபவம். லயத்தின் வாயில் எத்திசை நோக்க வேண்டும் என்பதைத் தோட்டச் சாலையும் துரையின் அளவுகோலும் முடிவு செய்தன. வரிசையின் ஒரு பக்கத்தார்க்குக் கிழக்கு வாயில் அமைந்தால் மறுபக்கத்தார்க்கு மேற்கு. மனையடி சாத்திரம் அறிந்த பெரியவர்கள் லயங்களிலும் இருந்திருப்பர். அவர்தம் அறிவுக்கு அங்கே வேலை இல்லை. நிலைக்கதவுக்கு மஞ்சள் பூசிப் பூச்சூட்டும் சடங்கும், பால் காய்ச்சிக் குடிபுகும் வழக்கமும் சொந்த மனையில்தான் பொருள் பெற்றன.

ஆகவே சித்தியவான் பகுதியில் தமிழர் தம் விருப்பப்படி கட்டிய பழைய வீடுகளை உற்றுநோக்குதல் தகும். அவற்றின் அமைப்பே அவர்தம் வரலாற்றைச் சொல்கிறது. முன்னே அஞ்சடியை நினைவூட்டும் திண்ணை; நடுவே கூடம்; ஒரு மூலையில் சாமி அறை. லயத்தில் தொட்டில் கட்டிய அதே அறையிலேயே படங்களை மாட்டி வழிபட்டவர்கள், கையில் பணம் குறைந்தபோதும் சாமி அறையைக் குறைக்கவில்லை. வீட்டின் பின்புறம் சமையற்கட்டு தனியே நீண்டு நிற்கிறது. விறகடுப்புக்கு வெளியில் ஒரு சாய்ப்பு. கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும். தாழ்ந்த கடலோரச் சமவெளியாதலின் மண்கொட்டி மேடாக்கிய தளம். மேட்டுக்கு ஏறப் படிகள். வாயில் பெரும்பாலும் கிழக்கு நோக்கியே இருக்கும், சாலை எந்தப் பக்கம் ஓடினாலும்.