தொட்டிக்குள் கடலும் காளவாசல் சுண்ணாம்பும்

நாக்பூரில் ஜீரோ மைல் என்று ஒரு கல்தூண் இருக்கிறது. இந்தியாவின் நட்ட நடு இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். தூத்துக்குடிக்காரனுக்கு இதில் என்ன பெருமை? எந்தப் பக்கம் கடலுக்குப் போவதென்றாலும் ஒரு ராத்திரி ரயில் ஏற வேண்டும். வங்கி எங்கே தூக்கிப் போட்டாலும் போகிற பிழைப்பு, அதனால் புலம்பிப் பயனில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாவது படிக்கும் மகள் ஒரு நாள், "அப்பா, கடலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, ஒரு ரீஃப் தொட்டியாவது வைக்கலாம்பா" என்றாள். பவளமும் கோமாளி மீனும் உள்ள உப்புத்தண்ணீர் தொட்டி. தங்கமணி உடனே, "கரண்ட் பில் யார் கட்டுறது?" என்றார். நியாயமான கேள்வி. லோன் கேட்டு வருகிறவரின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பார்ப்பது போல, எக்செல்லில் சாமான் பட்டியல் போட்டேன். ஒவ்வொரு வரியிலும் "இது எதற்கு? இல்லாமல் முடியாதா?" என்று கேட்டுக்கொண்டே போனதில், சாமான் பட்டியல் சரித்திரப் பாடமாகிவிட்டது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதல் வரி பம்ப். 1846ல் ஆனா தைன் என்ற பெண்மணி, இங்கிலாந்தின் டார்கீ கடற்கரையில் சில குட்டிக் கல் பவளங்களைப் பார்த்து மயங்கினார். பயணத்தில் அடிபடாமல் இருக்க ஊசி நூலால் அவற்றை ஒரு கடற்பஞ்சில் தைத்து, ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்தண்ணீரை நினைத்தபோது வரவழைக்க முடியாது. அதனால் இருந்த தண்ணீரையே தினமும் திறந்த ஜன்னல் ஓரம் வைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் சொன்னார். ஊற்றியது அவர் அல்ல, வீட்டு வேலைக்காரப் பெண். அரைமணி, முக்கால் மணி நேரம் நம்மூர் டீக்கடை ஆத்து ஆத்த வேண்டும். 1847ல் கடற்பாசிகளையும் சேர்த்தார். பவளங்கள் சுமார் மூன்று வருடம் உயிரோடு இருந்தன. பட்டியலில் இன்று "வேவ் மேக்கர், 1" என்று ஒரே வார்த்தையில் எழுதுவது அந்தப் பெண்ணின் கைவலியைத்தான். அவர் பெயர் சரித்திரத்தில் இல்லை.

இரண்டாவது வரி உப்பு. ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம், ஆக 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரை கிலோ. வாரம் 10 லிட்டர் மாற்றினால் 350 கிராம். சமையல் உப்பு உதவாது. கடலில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் உண்டு. 1854லேயே ஃபிலிப் ஹென்றி காஸ் நான்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரித்தார். 1960களில் அது பொட்டலத்தில் கடைக்கு வந்தது. கடல் இல்லாத ஊரில் இந்தப் பொழுதுபோக்கு சாத்தியமானது அதனால்தான்.

இன்னொன்று. தண்ணீர் ஆவியானால் உப்பு ஆவியாகாது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணீரை அல்ல. இதில் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் தப்புப் பண்ணுவார்களாம். உப்பளம் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

காஸ் 1853ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் திறந்த மீன் இல்லத்துக்கு உதவினார். 1854ல் 'தி அக்வேரியம்' புத்தகம் எழுதினார். அவ்வளவுதான், இங்கிலாந்தே பைத்தியம் பிடித்துக் கடற்கரைக்கு ஓடியது. வாளியும் உளியுமாகப் போய் பாறைக்குட்டைகளைத் துடைத்து எடுத்தார்கள். அந்தக் கரைகள் சூறையாடப்பட்டதை அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907ல் வேதனையோடு எழுதினார். அப்பா எழுதிய புத்தகத்தின் விலையை மகன் கணக்குப் பார்த்தார்.

மூன்றாவது சம்ப், அதாவது கீழே ஒளித்துவைக்கும் இரண்டாவது தொட்டி. 1871ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் அக்வேரியத்தில் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட், காட்சித்தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டுத் தொட்டி ஒன்றைக் கீழே கட்டி, தண்ணீரை ஓயாமல் சுற்றவிட்டார். தண்ணீர் அதிகம் இருந்தால் தப்பு மெதுவாக நடக்கும். பேங்க் பாஷையில் இதற்கு ரிசர்வ் என்று பெயர்.

நான்காவது உயிர்ப்பாறை. 1961ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் தன் முறையை ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். வடிகட்டி இல்லை. கடலிலிருந்து எடுத்த பாறை, வெயில், கொஞ்சம் காற்றுக்குமிழி. பாறையில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். ஆனால் அவருக்குக் கடல் பக்கத்திலேயே இருந்தது. நமக்கு?

ஐந்தாவது ஸ்கிம்மர். வெல்லப்பாகு காய்ச்சும்போது அழுக்கு நுரையாக மேலே வருமே, அது போல நுண்குமிழிகளில் கழிவை ஒட்டவைத்து வெளியே தள்ளும். 1960களில் ஜெர்மனியில் வளர்ந்த சாமான். பீட்டர் வில்கென்ஸ் 1970களில் இன்னொரு வழியைப் பரப்பினார். தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச்சொட்டாகத் தொட்டியில் விடுவது. பவளம் தன் எலும்பைக் கட்டக் கால்சியம் வேண்டும். சுண்ணாம்பு ஊட்டினால் வளரும்.

இங்கேதான் எனக்குக் கை நின்றது. கொசுவர்த்தி சுத்த மன்னிக்கவும். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கரையில் வள்ளங்களிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கல் இறக்குவார்கள். அது நேராகச் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும். அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஆமா, கடல்ல உடைச்ச கல்லுதாம்ல. நம்ம வீட்டுச் சுவத்துக்குப் பூசின சுண்ணாம்பும் அதுதான்" என்றார், சாதாரணமாக. வேறெங்கோ சுண்ணாம்பு ஊட்டிப் பவளம் வளர்த்த காலத்தில், நாங்கள் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்துக்கொண்டிருந்தோம்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பள்ளியில் படித்தோம். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் இன்று தண்ணீருக்கடியில். சுற்றியிருந்த பவளப்பாறையை உடைத்தெடுத்ததால் அலையைத் தடுக்க எதுவும் இல்லாமல் போனது. 1986லேயே அந்தப் பகுதி தேசியப் பூங்கா. 2001ல் கல் பவளங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை. 2004 சுனாமிக்குப் பிறகுதான் கல் உடைப்பது ஓய்ந்தது.

பட்டியலோடு இந்த ஊரில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "அசல் பாறை இருக்கு சார், ராமேஸ்வரம் பக்கத்துச் சரக்கு" என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் ஆசை வந்தது. நம்ம ஊர்க் கடலின் ஒரு துண்டு, நாக்பூர் ஹாலில்! மகள்தான் கையைப் பிடித்து இழுத்தாள். "நம்ம வீட்டுச் சுவரிலேயே நிறைய இருக்குப்பா, போதும்" என்றாள். வீடு வரும்வரை நான் ஒன்றும் பேசவில்லை.

கடைசியில் சாங்ஷன் ஆன பட்டியல் இது. 100 லிட்டர் தொட்டி, கீழே சம்ப், ரிடர்ன் பம்ப், வேவ் மேக்கர், சின்ன ஸ்கிம்மர், ஆர்.ஓ. தண்ணீர், உப்பு, உப்பளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர், அம்மோனியா டெஸ்ட் கிட், கரண்ட் போனால் ஓடும் பேட்டரி ஏர் பம்ப். நாக்பூர் மே மாதம் 45 டிகிரியைத் தொடும், தொட்டிக்கு வேண்டியது 26. ஆகவே ஹீட்டருக்கு முன்னால் சில்லர். பவளம் கிடையாது என்பதால் விலை உயர்ந்த விளக்கும் கிடையாது. தங்கமணிக்கு அதில் திருப்தி. உயிர்ப்பாறைக்குப் பதில் பீங்கான் பாறை. பாக்டீரியா அதில் குடியேற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை மீன் கிடையாது என்று மகளிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். பிறகு, பண்ணையில் பிறந்த ஒரு ஜோடி கோமாளி மீன். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து பிடிக்க வேண்டியதில்லை. கடல் சாமந்தி இல்லாமலும் அது வாழும்.

பவளம் பார்க்க வேண்டுமென்றால்? தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வான் தீவைச் சுற்றிக் கான்கிரீட் கூடுகள் இறக்கி, பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கிறார்கள். ஒரு காலத்தில் கல் உடைத்த அதே கடல். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, தீவில் இறங்க அனுமதி கிடைக்காவிட்டாலும், கரையில் நின்று அந்தத் திசையை மகளுக்குக் காட்ட வேண்டும்.

பி.கு: தொட்டி இன்னும் வரவில்லை. உங்களில் யாராவது கடல் இல்லாத ஊரில் உப்புத்தண்ணீர் தொட்டி வைத்திருந்தால், சில்லருக்குக் கரண்ட் பில் எவ்வளவு வருகிறது என்று சொல்லுங்கள். தங்கமணிக்குத் தெரியாமல்.